இன்னாசிராஜும் பத்தொன்பதாம் நம்பர் வண்டியும்

எந்த நட்டை முறுக்கி முடித்தாலும் இன்னாசிராஜ் அண்ணன் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு போடுவார். கோட்டில் பாதி நட்டின்மேல், மீதி பக்கத்து இரும்பின்மேல். மறுநாள் இரண்டு பாதியும் நேராக நின்றால் நட்டு அசையவில்லை. விலகியிருந்தால் தளர்ந்துவிட்டது, திரும்ப முறுக்க வேண்டும். கோடு போடுவதற்கு அவர் எடுப்பது அவர் மனைவி அமலராணி அக்காவின் கியூடெக்ஸ். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பாட்டில்கூடத் தன் நகத்துக்கு முழுசாக வந்ததில்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே இதைக் கவனித்துவிட்டேன். மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அவருடைய மெக்கானிக் ஷெட். என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வரிசையில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, கார்டு வருமென்று காத்திருந்தேன். தெருவில் யாருக்கு எந்த இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். மருந்து பாட்டில், கோர்ட்டு நோட்டீஸ், பினாங்கிலிருந்து வந்த பார்சல், எல்லாம். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையால் என்ன நடந்தது என்பதையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடையில் மேட்டூர் அணையை அடைத்ததும் ஜீயபுரத்துக்கு வடக்கே காவேரி வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணலில் ஒரு சங்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தயம் நடத்தி வந்தது. ஆற்று மணலில் இறங்கி, கரையேறி, வாழைத்தோப்புச் சந்துகளில் புகுந்து, வாய்க்காலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். இருபத்திரண்டு மைல். 1981 மே மாதப் பந்தயத்துக்கு மெட்ராஸ் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வரப்போவதாகச் செய்தி. தங்கள் வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும்.

அமலராணி அக்காவின் தம்பி ஸ்தனிஸ்லாசுக்கு ஜூனில் இருபத்தைந்து முடிகிறது. லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தான். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் உருப்படியாக வராது என்பது அவன் அம்மா அற்புதம்மாளே சொல்வது. அவனுக்கு இது கடைசி வாய்ப்பு.

வண்டி இன்னாசி அண்ணனுடையது. 1943இல் செய்த இங்கிலீஷ் வண்டி, பட்டாளம் கழித்துப் போட்டது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பொன்மலை ரயில்வே கார்டு ஒருவர் விட்டுப்போனது. ஐந்து மாதம் அதை ஆணி ஆணியாகப் பிரித்து அண்ணன் மாட்டினார். முன்விளக்கு, மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எடை குறைத்தார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினார். மணல் தூள் எஞ்சினுக்குள் போகாமலிருக்க, காற்று இழுக்கும் வாயில் அக்காவின் பழைய நைலான் சேலையை நான்காக மடித்து எண்ணெயில் தோய்த்துக் கட்டினார். ஓட்டுகிறவன் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும் என்று மணிக்கட்டில் கட்டும் ஒரு கயிறு. அது இழுபட்டுக் கழன்றால் எஞ்சினுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் டயர் ட்யூபை வெட்டி, உள்ளே பஸ் சீட்டு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தார். கைக்கு வெல்டிங் தோலுறை. நெஞ்சுக்கு ரெக்சினும் கேன்வாசும் சேர்த்த பட்டை. எல்லாம் அவர் கையால் ஆனது. ஹெல்மெட் மட்டும் வெளியிலிருந்து வந்தது. முகத்தையும் மூடுகிற மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் ஹெல்மெட், சிங்கப்பூர் சரக்கு. அந்த மாதிரி ஹெல்மெட் இல்லாதவரை வரிசையில் நிற்கவே விடமாட்டார்கள்.

அற்புதம்மாள் மகனை அனுப்ப ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். மாதாவின் மேலாடை நீலம் அவன் தலையில் இருக்க வேண்டும், அப்படிப் போனால் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுவிட்டார். நேர்ந்தது நேர்ந்ததுதான், அதில் பேச்சில்லை. எனவே ஹெல்மெட்டுக்கு நீல பெயின்ட் அடிக்க வேண்டும்.

அடிப்பதற்கு முன் அண்ணன் ஹெல்மெட்டை என்னிடம் கொண்டுவந்து, உள்ளே ஒட்டியிருந்த இங்கிலீஷ் ஸ்டிக்கரைக் காட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அன்று என் முன்னால் இரண்டு பேர் மனு எழுதக் காத்திருந்தார்கள். தலை அளவு, எங்கே செய்தது, மெல்லிய துணியால் துடைக்கவும், இவ்வளவையும் படித்துச் சொன்னேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கீழே பொடி எழுத்தில் ஆறேழு வரி இருந்தது. கம்பெனி விளம்பரம்தான் அண்ணே என்றேன். அவர் நம்பி எடுத்துக்கொண்டு போனார். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, லாரி கேபினுக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலத்தை இரண்டு கோட்டிங் அடித்தார். அற்புதம்மாள் அதைத் தொட்டு முத்தமிட்டார்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் என்னைச் சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். குரலில் அவசரம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஷெட்டில் ஸ்தனிஸ்லாசும் அக்காவும் நின்றிருந்தார்கள். அண்ணன் ஹெல்மெட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினார். அப்பளத்தை விரலால் அழுத்தினால் கேட்குமே, அந்தச் சத்தம். வெயிலில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். நீலத்துக்கு அடியில் சிலந்திவலைபோல மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன.

“பாப்பா, அந்த ஸ்டிக்கரை இன்னொரு தடவை படி. எல்லாத்தையும் படி.”

படித்தேன். பெயின்ட், தின்னர், பெட்ரோல் எதுவும் இந்த ஓட்டின்மேல் படக்கூடாது, பட்டால் வெளியே தெரியாமலே வலு போய்விடும் என்று இருந்தது. தின்னர் எந்தெந்தப் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

“இது அன்னைக்கே இருந்துதா?”

“இருந்துச்சுண்ணே. நான் படிக்கல.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “தின்னர் தேச்சது என் கை” என்று மட்டும் சொன்னார்.

ஸ்தனிஸ்லாஸ் பரவாயில்லை என்றான். விழுந்தால்தானே, நான் விழமாட்டேன், பரிசோதிக்கிறவர்கள் வெளியே பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றான். அண்ணன் ஹெல்மெட்டை ஒரு மணல் மூட்டைமேல் கவிழ்த்து, மரச்சுத்தியால் ஒரே ஒரு போடு போட்டார். அது நெற்றியிலிருந்து பிடரிவரை இரண்டாகப் பிளந்துகொண்டது.

“ஓட்டப்போறது நீங்க இல்லையே மாமா” என்றான் ஸ்தனிஸ்லாஸ். “என் சோத்துல மண்ணப் போட்டுட்டீங்க.”

“தலை உன்னுது மாப்ளே. அனுப்புறவன் நானு.”

அமலராணி அக்கா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். அம்மாவிடம் இதை யார் சொல்வது என்றுதான் அவர் கேட்டார்.

வெளியூரிலிருந்து ஓட்ட வருகிறவர்கள் எதிராளிக்குத் தங்கள் ஹெல்மெட்டைத் தரமாட்டார்கள். அவர்களை விட்டால் அந்த மாதிரி ஹெல்மெட் திருச்சியில் வேறு இரண்டுதான் இருப்பதாக அண்ணனுக்குத் தெரியும். ஒன்று ஸ்ரீரங்கத்தில், பேங்க் ஆபீசர் அழகியமணவாளனிடம். அவர் வண்டிக்கு அண்ணன்தான் வேலை பார்ப்பார். இன்னொன்று யாரிடம் என்று அப்போது அவர் சொல்லவில்லை. என்னையும் வரச் சொன்னார். பந்தய ரூல் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, அதைக் கையோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன், அக்கா, நான் மூன்று பேரும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினோம்.

கீழச் சித்திரை வீதி வீட்டில் ஆபீசரின் மனைவி கோதைநாயகிதான் இருந்தார். “அவர் பெருமாளைச் சேவிக்கப் போயிருக்கார். ஹெல்மெட்டா? அதை என் தம்பி போன வாரமே மெட்ராசுக்கு எடுத்துண்டு போயிட்டானே” என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தீர்த்தமாவது சாப்பிட்டுப் போங்கோ என்று சொம்பை நீட்டினார். அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாலக்கரைக்குப் போகலாம் என்றார். அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே இன்னொரு ஹெல்மெட் யாருடையது என்று எனக்கு விளங்கிவிட்டது.

பாலக்கரை பஷீர் அகமதும் மெக்கானிக்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பந்தயத்தில் அவருடைய வண்டி முதலாவதாக வந்தபோது, வேகத்துக்காக எஞ்சின் சிலிண்டரை அளவுக்கு மேல் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார் என்று இன்னாசி அண்ணன் கமிட்டியிடம் புகார் கொடுத்தார். நூறு பேர் பார்க்க அந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டு அளந்தார்கள். அளவு சரியாக இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பஸ் திருவானைக்காவல் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது நான் ரூல் புத்தகத்தைத் திறந்தேன். இந்த முறை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரிவரை படித்தேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி வீதம் அனுப்புவார்கள். தன் முறை வந்தும் மூன்று நிமிஷத்துக்குள் புறப்படாதவர் நீக்கப்படுவார். ஹெல்மெட்டைப் புறப்படும் கோட்டில் வைத்துப் பரிசோதிப்பார்கள். ஒரு ஹெல்மெட்டை இரண்டு பேர் போடக்கூடாது என்று எங்குமே இல்லை. பஷீரின் மகன் அப்துல் ரஹீம் மூன்றாம் நம்பர், ஆறு மணி ஆறு நிமிஷத்துக்குப் புறப்படுவான். ஸ்தனிஸ்லாஸ் பத்தொன்பது, ஆறு ஐம்பத்து நாலுக்கு. நடுவில் நாற்பத்தெட்டு நிமிஷம். போன தடவை முதலாவதாக வந்தவருக்கு ஆனது நாற்பத்தொரு நிமிஷம். நான் இதை அண்ணனிடம் சொன்னபோது மெயின்கார்டு கேட் வந்துவிட்டது. அவர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

பஷீர் அகமது மாலைத் தொழுகை முடித்து அப்போதுதான் கடைக்கு வந்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். பஷீர் முழுவதையும் கேட்டார்.

“அன்னைக்கு என் எஞ்சினைப் பிரிச்சுப் போட வச்சீங்க. இன்னைக்கு என் மவன் தலையில இருக்கறதைக் கழட்டிக் கேக்குறீங்க.”

“ஆமா” என்றார் அண்ணன்.

“அவன் லேட்டா வந்தா?”

“அது என் மாப்பிள்ளையோட விதி. உங்களை ஒண்ணும் சொல்லமாட்டோம்.”

பஷீர் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “நான் புகார் குடுத்தது தப்பு. அது எனக்கு அன்னைக்கே தெரியும். நாளைக்கு ஓட்டம் முடிஞ்சதும் நாலு பேரு முன்னாடி சொல்றேன்.”

“சொல்லுங்க” என்றார் பஷீர். “இப்ப அளவு எடுத்துக்குங்க.” ரஹீமின் தலை பெரிது. ஸ்தனிஸ்லாசின் தலை அளவை அண்ணன் ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இடைவெளியை அளந்து, அதற்கேற்ற ஸ்பாஞ்சுத் துண்டுகளை அங்கேயே வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஜீயபுரத்தில் கரையெல்லாம் ஜனம். அற்புதம்மாளிடம் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். கிழவி எங்கிருந்தோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டும் நீல ரிப்பன் ஒன்று வாங்கி வந்து கையில் சுருட்டி வைத்திருந்தார். ஆறு மணி ஆறு நிமிஷத்துக்கு ரஹீம் மணலை வாரி இறைத்துக்கொண்டு போனான். பஷீரும் அண்ணனும் பத்தடி இடைவெளியில், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

முதல் வண்டி ஆறு நாற்பத்து நாலுக்கு வந்தது. இரண்டாவது ஆறு நாற்பத்தேழு. ஸ்தனிஸ்லாஸ் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான், தலையில் ஒன்றும் இல்லாமல். மூன்று கெஜத்துக்கு அப்பால் பதினேழாம் நம்பர் நின்றது. ஆறு நாற்பத்தெட்டுக்கு அதுவும் போயிற்று. அண்ணன் எஞ்சினை உதைத்துவிட்டார். அது ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். நாலாம் நம்பர் வருவதைப் பார்த்தேன், மூன்றைக் காணவில்லை. ஆறு ஐம்பத்தொன்றுக்குப் பதினெட்டாம் நம்பர் புறப்பட்டது.

“விழுந்துட்டானா?” என்றார் பஷீர் யாரிடமென்று இல்லாமல். அந்த நிமிஷத்தில் அவருக்கு ஹெல்மெட்டோ பந்தயமோ நினைவில் இருந்திருக்காது.

பத்தொன்பதைக் கூப்பிட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் தலையைத் தொங்கப்போட்டான். அப்போது ஆற்றுப் பக்கம் அல்ல, எங்களுக்குப் பின்னால் வாழைத்தோப்பிலிருந்து ரஹீம் வந்தான். வண்டியில் இல்லை. ஓடி வந்தான். முழங்கால்வரை சேறு, வாழைக்கறை, கையில் ஹெல்மெட். வந்த வேகத்தில் அண்ணன் மேலேயே மோதினான்.

“வண்டி நின்னுபோச்சு. இந்தாங்க.”

அண்ணன் துண்டுகளைச் செருகி, ஸ்தனிஸ்லாசின் தலையில் மாட்டி, தாடைப் பட்டையை இழுத்துப் பூட்டி, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பரிசோதகர் குனிந்து பார்த்துச் சரி என்றார். அற்புதம்மாள் ரிப்பனை, தலைக்குப் பதில், அவன் புஜத்தில் கட்டினார். மூன்று நிமிஷம் முடிய அரை நிமிஷம் இருந்தது. வண்டி மணலில் பாய்ந்தது.

வாய்க்கால் திருப்பத்தில் ஸ்தனிஸ்லாஸ் விழுந்தான். பிறகு ஆட்கள் சொன்னார்கள், மதகுக் கல்லில் தலை மோதிய சத்தம் தோப்பு முனைவரை கேட்டதாம். எழுந்து வண்டியை நிமிர்த்தி உதைத்து நாற்பத்து மூன்று நிமிஷத்தில் வந்து சேர்ந்தான். இரண்டாம் இடம். ஹெல்மெட்டின் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. மெட்ராஸ்காரர் அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்துவிட்டு அவனைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஸ்தனிஸ்லாஸ் இன்னும் ஆற்றில் இருந்தபோதே, ரஹீமின் வண்டியைக் கொண்டுவர பஷீரோடு அண்ணன் தோப்புக்குள் போனார். நானும் பின்னால் போனேன். சந்து ஓரத்தில் அது சாய்ந்து கிடந்தது. செயின் பல்லிலிருந்து நழுவியிருந்தது, அவ்வளவுதான். அறுந்திருக்கவில்லை. டூல் பையின் முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. அண்ணன் உட்கார்ந்து இரண்டு விரலால் செயினை ஏற்றி ஒரு உதை உதைத்தார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் நின்று ஏற்றியிருந்தால் ரஹீம் முழுசாக ஓடி முடித்திருப்பான். ஆனால் சந்து சுற்றி மிச்சத் தூரத்தையும் ஓட்டி வருவதற்குள் ஆறு ஐம்பத்தேழு தாண்டியிருக்கும். அதனால்தான் தோப்பைக் குறுக்கே வெட்டி ஓடி வந்திருக்கிறான்.

அண்ணன் நிமிர்ந்து பஷீரைப் பார்த்தார். பஷீருக்கும் தெரிந்துவிட்டது.

“வண்டி நின்னுபோச்சுன்னு அவன் சொன்னா நின்னுபோச்சுதான்” என்றார் பஷீர். “வாங்க.”

பரிசளிப்பின்போது வண்டியைத் தயார் செய்தவர் யார் என்று கேட்டு அண்ணனையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கரையில் ஐந்நூறு பேர். முன்வரிசையில் பஷீர் மகனின் தோளில் கை போட்டு நின்றிருந்தார். அண்ணன் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த மெட்ராஸ்காரரைப் பார்த்தார், ஸ்தனிஸ்லாசைப் பார்த்தார். எல்லாருக்கும் நன்றி என்றார். இறங்கிவிட்டார்.

ஏன் என்று பல நாள் யோசித்தேன். கைமாறி வந்த ஹெல்மெட் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தாரா? புகாரே பொய் என்றால், பொய் சொல்கிறவன் தயார் செய்த வண்டியும் சந்தேகம் என்று நினைப்பார்கள் என்றா? அன்றைக்கு மச்சினன் கழுத்தில் விழுந்த மாலையைக் கறைப்படுத்த மனம் வரவில்லையா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பொடி எழுத்தைப் படிக்காததற்கு அவர் என்னை ஒரு தடவைகூடக் குத்திக் காட்டியதில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்?

நசுங்கியதற்குப் பதிலாக அண்ணன் புது ஹெல்மெட் வாங்கிக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். பஷீர் வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம், கமிட்டிக் கூட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன் என்று அண்ணன் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார், சொல்லாமல் வந்தார். 1983க்குப் பிறகு பந்தயமே நடக்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடமும் போயிற்று. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கடிதமாக எழுதச் சொன்னார். எழுதினேன், நல்லாத்தான் எழுதினேன். படித்துக் காட்டியதும் மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டார். “எழுதிக் குடுக்கறேன்னா சொன்னேன்? வாயால சொல்றேன்னுல்ல சொன்னேன்” என்றார்.

1986 ஆகஸ்டில், ஷெட்டில் ஒரு வண்டியின் அடியிலிருந்து எழுந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்தொன்பது வயது. ஸ்தனிஸ்லாஸ் மெட்ராசிலிருந்து வருவதற்காகக் காத்திருந்து மறுநாள் மாலை அடக்கம் செய்தார்கள். பஷீர் அகமது கல்லறைத் தோட்டத்து கேட்டருகில் கடைசிவரை நின்றார். ரஹீம் அப்போது மலேசியாவில். ஜனம் கலைந்தபின் அவரிடம் போனேன். அண்ணனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமென்று கடைசிவரை இருந்தது, எனக்குத் தெரியும், கடிதம்கூட எழுதினோம் என்றேன்.

“எனக்கும் தெரியும்” என்றார் அவர். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஆனா சொல்லலையே பாப்பா.”